எம்.எம்.சி.க்கு உண்மையில் எத்தனை வயது?

கேள்வி (வாசகர் ஒருவர் அனுப்பியது), 2 பிப்ரவரி 2025

"இன்று சென்னை மருத்துவக் கல்லூரியின் (எம்.எம்.சி.) பிறந்த நாள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. 360 வருடப் பழமையானது, ஆசியாவின் முதல் மருத்துவக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கி வைத்தது என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதெல்லாம் உண்மையா? இந்த வருடம்தான் அங்கே சேர்ந்திருக்கிறேன், யாராவது கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும்."

2 பிப்ரவரி, மதியம்

நானும் அங்கே படித்த டாக்டர்தான், சொல்கிறேன். பிறந்த நாள் சரி, மற்ற மூன்றும் தவறு. 1835 பிப்ரவரி 2, கவர்னர் சர் ஃப்ரெடெரிக் ஆடம் காலம். அன்று திறந்தது மதராஸ் மருத்துவப் பள்ளி. "பள்ளி" என்பதைக் கவனி தம்பி. அது கல்லூரி ஆனது 1850 அக்டோபர் 1-ஆம் தேதி.

360 என்ற கணக்கு ஆஸ்பத்திரியுடையது. 1664 நவம்பரில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்து கிடந்தபோது, ஏஜென்ட்டாக (இங்கே கம்பெனியின் தலைமை அதிகாரி) இருந்த சர் எட்வர்ட் வின்டர் ஒரு வீட்டில் தொடங்கியதுதான் இன்றைய ஜி.எச்., அதாவது கல்லூரியோடு சேர்ந்த அரசுப் பொது மருத்துவமனை. இப்போதைய இடத்துக்கு, சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே, அது வந்தது 1772-இல். அப்போது ஸ்டேஷனே கிடையாது.

2 பிப்ரவரி, இரவு

"ஆசியாவின் முதல்" விஷயத்துக்கு வருகிறேன், மதியம் விட்டுப்போனது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835 ஜனவரி 28. நம்முடையது பிப்ரவரி 2. அதாவது கல்கத்தா ஐந்தே நாள் மூத்த அண்ணன்! இந்த ஐந்து நாளை வைத்து இரண்டு ஊர்க்காரர்களும் போட்டிருக்கும் சண்டையை நான் மாநாட்டுச் சாப்பாட்டு மேசைகளில் கேட்டிருக்கிறேன். அதற்குள் புதுச்சேரிக்காரர் ஒருவர் எழுந்து, பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே எங்கள் ஊரில் மருத்துவப் பள்ளி வைத்துவிட்டார்கள், இன்றைய ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் வேர் அதுதான் என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆகவே "இந்தியாவின் மிகப் பழைய மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று" என்று சொல், அதை யாராலும் மறுக்க முடியாது.

3 பிப்ரவரி

பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகமே 1857-இல்தான் பிறந்தது. கல்லூரி அதற்கு ஏழு வருடம் மூத்தது. அந்த இடைவெளியில் படித்தவர்களுக்குப் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகம் இல்லை என்பதால் கல்லூரியே கொடுத்தது. 1852-இல் வெளிவந்த முதல் தொகுப்புக்குக் கிடைத்தது ஜி.எம்.எம்.சி., அதாவது மதராஸ் மருத்துவக் கல்லூரிப் பட்டதாரி என்ற டிப்ளமோ. 1863-இல் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதற்குப் பிறகு எல்.எம்.எஸ்., எம்.பி. என்ற மருத்துவப் பட்டங்கள் வரிசையாக.

இதில் பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. கல்லூரி என்றைக்குமே பல்கலைக்கழகத்தின் சொத்தாக இருந்ததில்லை. கட்டடம், சம்பளம், நியமனம், மாறுதல் எல்லாம் அரசாங்கம். பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மட்டும் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகமும் நடுவில் மாறிவிட்டது. 1987-இல் தனிச் சட்டம் போட்டு, 1988 ஜூலையிலிருந்து தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது, மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் அதன்கீழ் போயின.

என் வீட்டு பீரோவில் இரண்டு சான்றிதழ் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம். முதுநிலைச் சான்றிதழில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் படித்தது ஒரே கட்டடம், ஏறியது ஒரே மாடிப்படி. வெளிநாட்டில் இருக்கும் என் தோழி ஒருத்திக்கு அங்குள்ள அலுவலகத்தில் "உங்கள் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகம், உறுதியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டு ஆறு மாதம் இழுத்தடித்தார்கள். இரண்டும்தான் என்று அவள் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு பாடப்புத்தகம் தேறும்.

5 பிப்ரவரி

"பிரின்சிபாலா டீனா, யார் பெரியவர்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இப்போது டீன். கல்லூரிக்கும் ஜி.எச்.சுக்கும் ஒரே தலைவர் அவர்தான். காலையில் மாணவர் விடுதித் தண்ணீர்ப் பிரச்சினை, பத்து மணிக்கு ஆக்சிஜன், மதியம் தலைமைச் செயலகத்தில் கூட்டம், எல்லாம் ஒரே ஆளின் தலையில். அவருக்குக் கீழே கல்லூரிப் பக்கம் வைஸ் பிரின்சிபால், ஆஸ்பத்திரிப் பக்கம் மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட், ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அதிகாரி). டீனுக்கு மேலே டி.எம்.இ., மருத்துவக் கல்வி இயக்குநர்.

முன்பு பிரின்சிபால் என்றுதான் பெயர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், 1939-இல். பள்ளியாகத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு! அவரே பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 27 வருடம் இருந்தார். அவர் எழுதிய மகப்பேறு பாடநூலை நாங்களும் படித்தோம், எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் படித்தார்கள்.

5 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

ஒன்றைச் சேர்க்கிறேன். எம்.எம்.சி. என்றால் சென்ட்ரல் எதிரே இருக்கும் பார்க் டவுன் வளாகம் மட்டும் இல்லை. எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி (1819, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகிலேயே பழையது), எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி (1844), கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை (அந்த இடத்துக்கு வந்தது 1871), குழந்தைகள் மருத்துவமனை, சேத்துப்பட்டு நெஞ்சக நோய் மருத்துவமனை, என் காலத்தில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி (கோஷா என்றால் ஆண்கள் முன் வராமல் திரைக்குள் இருக்கும் பெண்கள்) எல்லாமே அதன் கைகள். மாணவராக இருக்கும்போது நகரத்தின் பாதி பஸ் ரூட் மனப்பாடம் ஆகிவிடும். இவற்றில் சில கல்லூரியைவிட வயதில் மூத்தவை. மகள் பெரியவளான பிறகு அம்மாக்களைத் தத்தெடுத்தது போல.

8 பிப்ரவரி

வரலாற்றையே பேசிக்கொண்டிருக்கிறோம், கல்லூரியின் அமைப்பைச் சொல்லவில்லை. அதைப் பலகையில் எழுதிப் பார்த்தால் டிபார்ட்மென்ட் பெயர்கள்தான் வரும். ஆனால் அந்தக் கல்லூரி உண்மையில் ஓடுவது யூனிட்டில். இதை உள்ளே இருந்தவர்கள்தான் சொல்ல முடியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மெடிசின் என்றால் ஒரே டிபார்ட்மென்ட் இல்லை, பல யூனிட். சர்ஜரியும் அப்படியே. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், அவருக்குக் கீழே சில அசிஸ்டென்ட்கள், அவர்களுக்குக் கீழே பி.ஜி.கள் (முதுநிலை மாணவர்கள்), அதற்கும் கீழே ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது எம்.பி.பி.எஸ். தேர்வு முடித்துப் பயிற்சியில் இருப்பவர்கள். இப்போது சி.ஆர்.ஆர்.ஐ. என்கிறார்கள், எங்களுக்கு ஹவுஸ் சர்ஜன்தான். யூனிட்டுக்கு வாரத்தில் ஒரு நாள் அட்மிஷன் டே. அன்று காலையிலிருந்து மறுநாள் காலை வரை வருகிற நோயாளிகள் எல்லாம் அந்த யூனிட்டின் பொறுப்பு. படுக்கை நிறைந்தால் தரையில் பாய். யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது எழுதாத சட்டம். மறுநாள் காலை சீஃப் ரவுண்ட்ஸ்.

எங்கள் சீஃப் (பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது) வார்டுக்குள் வந்ததும் முதலில் செய்வது ஒன்றுதான். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துக் கரகரவென்று தேய்ப்பார். அப்புறம்தான் நோயாளியின் வயிற்றில் கை வைப்பார். ஜில்லென்ற கை பட்டால் வயிறு இறுகும், இறுகிய வயிற்றில் கல்லீரல் தெரியாது, அதைவிட முக்கியம் பயந்துபோன மனுஷன் இன்னும் பயப்படுவான் என்பார். கை வைத்த பிறகு வயிற்றைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். வலித்தால் வாய் சொல்வதற்கு முன்னால் கண் சொல்லிவிடும். ஒரு நாள் நான் கேஸ் சொல்லும்போது நோயாளியை "இந்தக் கேஸ்" என்றேன். ரவுண்ட்ஸ் அப்படியே நின்றது. "பேர் என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவரே குனிந்து அந்தப் பெரியவரிடம் கேட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், விதைப்பு முடிந்துவிட்டதா என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. இன்றுவரை நான் மறக்கவில்லை.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். உள்ளங்கையைத் தேய்ப்பது யூனிட்டிலிருந்து வரும். சீஃப் அவருடைய சீஃபிடம் கற்றது, அவர் அவருடைய சீஃபிடம். 190 வருடம் என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி இந்தக் கைமாற்றம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

9 பிப்ரவரி

"முதல் மாணவி முத்துலட்சுமி ரெட்டிதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. அவர் சேர்ந்தது 1907, முடித்தது 1912. அவருக்கு முப்பது வருடத்துக்கு மேல் முன்பே, 1875-இல், நான்கு பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களில் மேரி ஷார்லீப் பெயர்தான் பரவலாகத் தெரியும். வக்கீல் கணவரோடு மதராஸுக்கு வந்தவர். இங்கே பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்ட முடியாமல் பிரசவத்தில் செத்துப்போவதைப் பார்த்துவிட்டு, கையில் குழந்தைகளோடு, மாணவியாகச் சேர்ந்தார். அப்போது மதராஸ் மருத்துவத் துறையின் தலைமையில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று நின்றார். லண்டனில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கிடைக்காத காலம் அது. இங்கே கதவு முன்னாலேயே திறந்தது! 1878-இல் எல்.எம்.எஸ். வாங்கிக்கொண்டு லண்டன் போனார். அங்கே பட்டம் வாங்கித் திரும்பி வந்து 1885-இல் தொடங்கியதுதான் கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. நான் ஹவுஸ் சர்ஜனாக அங்கே இருந்த காலத்தில் இது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரவு டியூட்டியில் அந்தத் தாழ்வாரத்தில் வேறு மாதிரி நடந்திருப்பேன்.

9 பிப்ரவரி, இரவு

முத்துலட்சுமி அம்மாவைக் குறைத்துச் சொன்னது போல ஆகிவிட்டது, மனசு கேட்கவில்லை. புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்ணாகப் போய் உட்கார்ந்து படித்துவிட்டு, அங்கிருந்து மதராஸ் வந்து, இங்கே பட்டம் வாங்கி, 1927-இல் மதராஸ் சட்டசபையின் துணைத்தலைவராகி, தேவதாசி ஒழிப்புக்கு நின்று, தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த துக்கத்தை வைத்துக்கொண்டு 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தவர். முதல் என்ற சொல் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் குறையாது.

12 பிப்ரவரி

"அங்கே ஆராய்ச்சி ஏதாவது நடந்ததா, இல்லை வெறும் வைத்தியம்தானா?" இந்தக் கேள்விக்குக் கோபம் வரலாம், ஆனால் நியாயமான கேள்வி.

1903. சார்லஸ் டோனவன் என்ற ஐரிஷ்காரர், கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியர், ஜி.எச்.சில் மருத்துவர். நாள்பட்ட காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக வருகிறவர்களை மலேரியா என்று சொல்லி குயினைன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், குணமாகவில்லை. இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்தும், அப்புறம் உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்ததிலிருந்தும் ஸ்லைடு செய்து பார்த்தார். நீள்வட்டமாகச் சின்னச் சின்னப் பொருள்கள் தெரிந்தன. அதே வருடம் சற்று முன்னால் லண்டனிலிருந்து லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவர் இதையே எழுதியிருந்தார். யார் முதலில் என்று பெரிய சச்சரவு. மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று வைத்து முடித்து வைத்தார். காலா அசார் என்ற அந்தக் காய்ச்சல் நோயின் கிருமி அது. உலகத்தில் எந்த மூலையில் மைக்ரோபயாலஜி படித்தாலும் அந்தப் பெயரில் பாதி பார்க் டவுனிலிருந்து போனது.

அப்புறம் எல்லாப்ரகட சுப்பாராவ். இவர் கதை எனக்கு வேறு காரணத்துக்காக முக்கியம். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தார், சர்ஜரிப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடுதான் வெளியே போனார். பின்னால் அமெரிக்காவில், ஹார்வர்டில், ஃபிஸ்கே என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார், பயோகெமிஸ்ட்ரி லேபில் நாங்கள் அவர் பெயர் சொல்லித்தான் அந்தச் சோதனையைச் செய்தோம். அதற்குப் பின் லெடர்லே மருந்துக் கம்பெனியில் அவர் நடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது, அதன் வழியே மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்றும் எழுதுகிறோம். நான் பாடம் நடத்திய காலத்தில் தேர்வில் தவறி அழுகிற பிள்ளைகளிடம் இவர் கதையைச் சொல்வேன். சும்மா ஆறுதலுக்கு இல்லை. பட்டம் கொடுத்தவர்கள் போட்ட மதிப்பெண்ணை அவர் வேலை அழித்து எழுதியது என்பதற்காக.

15 பிப்ரவரி

இத்தனை நாள் தேதி தேதி என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கட்டடம், பெயர் மாற்றம், இணைப்பு எல்லாவற்றையும்விட, உள்ளே யார் வர முடிந்தது என்பதுதான் பெரிய வரலாறு என்று இப்போது நினைக்கிறேன். 1835-இல் கம்பெனியின் ராணுவத்துக்கு மருத்துவ உதவியாளர்களைத் தயாரிக்கத் தொடங்கிய இடம் அது. 1875 பெண்கள். அப்புறம் மதராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை: ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்-கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துத்தான் செண்பகம் துரைராஜன் வழக்கு வந்தது. மருத்துவக் கல்லூரியில் விண்ணப்பித்து இடம் மறுக்கப்பட்டதால் அவர் வழக்குப் போட்டார். அப்போது மாநிலம் முழுக்க நான்கே மருத்துவக் கல்லூரி, 330 இடம். 1951 ஏப்ரல் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. இரண்டே மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம், 15(4) பிரிவு. நாடு முழுக்க இடஒதுக்கீட்டுக்கு ஆதாரமான ஒரு வரி மருத்துவக் கல்லூரி சேர்க்கையிலிருந்து பிறந்தது என்பதை இங்கே படிக்கிறவர்களுக்கே யாரும் சொல்வதில்லை.

16 பிப்ரவரி

திருத்தம். நேற்று "விண்ணப்பித்து இடம் மறுக்கப்பட்டதால்" என்று எழுதியது தவறு. ஒரு வக்கீல் நண்பர் தீர்ப்பை எடுத்துக் காட்டினார். அவர் விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்தபோது பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாகத்தான் மனுவில் சொல்லியிருக்கிறார். நீதிமன்றமும் அதைக் குறிப்பிட்டுவிட்டு, அரசுத் தரப்பு ஆட்சேபிக்காததால் விசாரித்தது. விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போனவர் அதோடு சேர்ந்து வந்த இன்னொரு வழக்குக்காரர், அவர் கேட்டது இன்ஜினியரிங். நாற்பது வருடமாகத் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பில் என்னிடம் கேட்டவர்கள் யாராவது படித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

20 பிப்ரவரி

பழைய ஆவணங்கள் எங்கே பார்க்கலாம் என்று ஒரு ஆராய்ச்சி மாணவி கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வேறொரு ஊரில், வேறொரு பழைய கல்லூரியில் நான் மாறுதலில் போயிருந்த காலம். ஊர் பெயர் வேண்டாம். ஸ்டோர் ரூமைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். வாசலில் தராசு வைத்து எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோல் அட்டை போட்ட பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகள், பழுப்பு மையில் அழகான சாய்ந்த கையெழுத்து. ஒன்றைப் பிரித்தேன். வயது, தொழில், கிராமம், இறந்த நேரம், உறுப்புகளின் எடை. ஒரு பக்கத்தில் முப்பது வயது நெசவாளி, மண்ணீரலின் எடைக்கு நேராக யாரோ இரண்டு கோடு இழுத்து அடிக்கோடிட்டிருந்தார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்குள், "மேடம், லாரி கிளம்பணும்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். கரையான் அரித்தது, இடம் இல்லை, மேலிடத்து உத்தரவு இருக்கிறது என்றார். அவர் கெட்டவர் இல்லை. அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த நெசவாளியை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா, உங்களுக்கு என் பதில்: எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாகாண மருத்துவத் துறைக் கோப்புகளில் தொடங்குங்கள். பழைய கல்லூரி எதிலாவது நூலகர் ஒருவர் அக்கறையாக இருந்தால் அவரை விடாதீர்கள்.

23 பிப்ரவரி

கொஞ்சம் தடம் மாறுகிறேன். "தமிழில் மருத்துவம் படிக்க முடியாதா?" என்ற பழைய கேள்வி வந்துவிட்டது. முடியும், நடந்தும் இருக்கிறது. மதராஸில் இல்லை, யாழ்ப்பாணத்தில். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் 1847-இல் அங்கே போய், மானிப்பாயில் பிள்ளைகளுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில். படித்தவர்கள் ஊரை விட்டு அரசாங்க வேலைக்குப் போய்விடுவதைப் பார்த்துவிட்டு 1860-களில் தமிழுக்கு மாறினார். மாணவர்களையும் பண்டிதர்களையும் வைத்துக்கொண்டு உடற்கூறு, அறுவை, பிரசவம் எல்லாவற்றுக்கும் தமிழில் நூல் கொண்டுவந்தார், கலைச்சொல் அகராதி உட்பட. தன் கல்லறையில் தமிழர்களுக்கான மருத்துவ நற்செய்தி ஊழியர் என்று பொறிக்கச் சொன்னார். அவருடைய அறுவை நூலின் தலைப்பு இரணவைத்தியம். எத்தனை இயல்பான சொல், பாருங்கள்!

நம் கல்லூரியில் பாடம் எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் நோயாளியிடம் கேட்பது எல்லாம் தமிழ். "வயிறு உப்புசமா இருக்கா, சுருக்குனு குத்துதா, எரியுதா?" இந்த மூன்றுக்கும் மூன்று நோய். அதைக் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, ஓ.பி.யில் எதிரே உட்கார்ந்த பாட்டிகள்.

24 பிப்ரவரி

கிரீனைப் பற்றி எழுதியதற்கு, மிஷனரியைப் புகழ்கிறீர்களா என்று ஒருவர் கோபித்திருக்கிறார். அவர் மதத்தைப் பரப்பத்தான் வந்தார், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. பாடப்புத்தகம் எழுதியதும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

2 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறான். அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததாம். 2020-இல் வந்த அந்தச் சட்டத்தை நான் 15-ஆம் தேதி வரிசையில் சேர்க்காமல் விட்டேன், இப்போது சேர்த்துக்கொள்கிறேன். 250 பேரில் தனக்குத்தான் ஆங்கிலம் புரியவில்லை என்று பயமாக இருக்கிறது என்கிறான். "அனாடமி தலைக்கு மேலே போகிறது மேடம், நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?"

தம்பி, முதலில் ஒன்று: எங்களுக்கு அனாடமிக்கும் பிசியாலஜிக்கும் பதினெட்டு மாதம் இருந்தது. 1997-இல் அதை ஒரு வருடமாகக் குறைத்துவிட்டார்கள், இப்போதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே தலைக்கு மேலே போவது உன் தவறு இல்லை, எல்லோருக்கும் போகிறது, சிலர் வெளியே சொல்வதில்லை.

இரண்டாவது, ஆங்கிலம். நானும் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவள். 1981-இல் முதல் வாரம் வகுப்பில் பேராசிரியர் சொன்னதில் பத்துக்கு இரண்டு சொல் புரிந்தது. அப்போது அனாடமி 1897-இல் கட்டிய அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தில் இருந்தது, ரெட் ஃபோர்ட் என்போம். இப்போது கல்லூரி பழைய மத்திய சிறை இருந்த இடத்துக்குப் போய்விட்டது, நீ பெரிய புதுக் கட்டடத்தில் படிக்கிறாய், ஆனால் ஒரு நாள் போய் அதன் முன்னால் நின்று பார்.

அங்கே டிசெக்ஷன் ஹாலில் ஓர் அட்டெண்டர் இருந்தார். காக்கிச் சட்டை, காதில் பென்சில். உடலைத் தொட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பது, சாயந்திரம் ஈரத் துணி போட்டு மூடுவது அவர் வேலை. எந்தத் துறைப் பட்டியலிலும் ஆசிரியராக அவர் பெயர் இருக்காது. என் கை நடுங்குவதை முதல் நாளே பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, "கத்தியைப் பிச்சுவா மாதிரி பிடிக்காதம்மா, பேனா மாதிரி பிடி. தோலை மட்டும் எடு, அவசரப்படாதே, உள்ளே இருக்கிறது எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். தோல் பிரிந்து கொழுப்பு விலகியதும், பென்சில் முனையால் தொடாமல் காட்டினார்: "இது நரம்பு, வெள்ளையா உறுதியா இருக்கும். இது ரத்தக்குழாய், அமுக்கினா அமுங்கும். ரெண்டையும் விரல்ல உருட்டிப் பாரு, வித்தியாசம் தெரியும்." உருட்டிப் பார்த்தேன். தெரிந்தது. அன்று ராத்திரி புத்தகத்தைத் திறந்தபோது முதல் தடவையாக ஆங்கில வரிகள் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசின.

உங்கள் ஹாலிலும் அப்படி ஒருவர் இருப்பார். நாளைக்குப் போய் அவர் பெயரைக் கேள்.

3 மார்ச்

கேட்டுவிட்டானாம்.